நீச்சல் குளத்தின் ஒயரிங்கை கான்கிரீட் மூடும் முன் பாருங்கள்: தலைமை மின் ஆய்வாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தலைமை மின் ஆய்வாளர் அவர்களுக்கும், மின் உரிமம் வழங்கும் வாரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் சூப்பர்வைசர் சான்றிதழ் பெற்று ஒயரிங் வேலை எடுத்துச் செய்பவன். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு, ரிசார்ட், பண்ணை வீடு எல்லாம் என் வேலை இடங்கள். புதிதாகக் குளம் கட்டும் இடங்களைவிட, வேறு யாரோ கட்டிய குளத்தில் "லைட் எரியல, வந்து பாருங்க" என்றோ "ஏணியைப் பிடிச்சா லேசா சுர்ருங்குது" என்றோ கூப்பிட்டுப் போன இடங்கள்தான் அதிகம். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். நீச்சல் குளத்தின் மின் வேலையை, கான்கிரீட்டும் டைல்ஸும் மூடுவதற்கு முன் தகுதியுள்ள ஒருவர் நேரில் பார்த்து, அளந்து, தன் பெயரில் கையெழுத்திட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வரும்.

2023 டிசம்பர் கடைசியில் பெங்களூரு வர்த்தூர் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஒரு சிறுமி இறந்துபோனாள். மின்சாரம் பாய்ந்ததுதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்த பிறகு, 2024 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கத் தலைவர் உட்பட ஏழு பேரைப் போலீஸ் கைது செய்தது. அந்தச் செய்தி வந்த வாரம் நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் ஒரு பதற்றம் இருந்தது. குளத்தைப் பூட்டினார்கள், ஒயர்மேனைக் கூப்பிட்டார்கள். வெயில் ஏறியதும் பூட்டு திறந்துவிட்டது. உள்ளே எதுவும் மாறவில்லை.

தண்ணீருக்குள் ஷாக் அடிப்பது வெளியே அடிப்பது போன்றதில்லை. இது நம் தொழிலில் இருப்பவர்களுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. வீட்டில் ஷாக் அடித்தால் கையை உதறிக்கொண்டு விலகிவிடலாம், காலில் செருப்பு இருக்கும், தோல் காய்ந்திருக்கும். தண்ணீரில் ஊறிய உடம்பின் மின்தடை 1000 ஓம் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். சுமார் 10 மில்லி ஆம்பியர் போனாலே கை கால் தசைகள் இறுகிவிடும். ஆழம் தெரிந்தவர்கூட நீந்த முடியாமல் மூழ்குவார். அதாவது இதயத்தை நிறுத்தும் அளவு மின்சாரம் வேண்டியதே இல்லை, நீந்த விடாமல் செய்யும் அளவு போதும். உடம்பில் தீக்காயம்கூட இருக்காது. கரையில் நிற்பவர்களுக்குப் பார்க்கும்போது நீச்சல் தெரியாமல் மூழ்கியது போலத்தான் தெரியும். உடனே ஒருவர் குதிப்பார். 2013இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு ஹோட்டல் குளத்தில் அப்படித்தான் நடந்தது. ஷாக்கில் மாட்டிய தம்பியைக் காப்பாற்ற இறங்கிய அண்ணன் இறந்தார். குள விளக்கின் ஒயரிங்தான் அங்கே காரணம்.

பல குளங்களில் பராமரிப்பு ஆட்கள் செய்யும் ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். யாராவது ஷாக் அடிக்கிறது என்று புகார் சொன்னால், டெஸ்டரைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பார்கள். எரியவில்லை. "தண்ணியில கரன்ட் இல்ல சார்" என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். டெஸ்டருக்குள் இருக்கும் நியான் பல்பு 60, 70 வோல்ட்டுக்குக் கீழே எரியவே எரியாது. 1000 ஓம் உடம்பில் 50 வோல்ட் பட்டால் 50 மில்லி ஆம்பியர். டெஸ்டர் இருட்டாக இருக்கும் அதே தண்ணீர் ஆளைக் கொல்லும். தவிர, தண்ணீரில் கரன்ட் இருக்கிறதா என்பதே தவறான கேள்வி. தண்ணீருக்கும் ஏணிக்கும் இடையில், ஏணிக்கும் கரையின் ஈரத் தரைக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் வித்தியாசம் என்று மீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

விதி இல்லையா என்றால், இருக்கிறது. ஐஇசி 60364 என்ற சர்வதேச மின் தரத்தில் 702ஆம் பகுதி முழுக்க நீச்சல் குளத்துக்கும் நீரூற்றுக்கும்தான். குளத்தின் உள்பகுதி மண்டலம் 0. கரையிலிருந்து 2 மீட்டர் வரை, 2.5 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. அதற்கு அப்பால் இன்னும் 1.5 மீட்டர் மண்டலம் 2. தண்ணீருக்குள் போகும் விளக்குக்கு ஏசி என்றால் 12 வோல்ட், டிசி என்றால் 30 வோல்ட், அதற்கு மேல் கூடாது. அந்த 12 வோல்ட்டைக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் இந்த மண்டலங்களுக்கு வெளியே இருக்க வேண்டும். கரையை ஒட்டி ஜங்ஷன் பாக்ஸ் கூடாது. கைக்கு எட்டும் உலோகம் எல்லாம் ஒன்றோடொன்று செம்புக் கம்பியால் இணைந்திருக்க வேண்டும். இதெல்லாம் இன்ஜினியர் மேசையில் இருக்கும் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. குளத்தில் குழாய் பதிக்கிற பையனுக்கு யாரும் சொன்னதில்லை.

அவன் ஏன் தப்பாகச் செய்கிறான் என்பதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. ஒரு கணக்கும் இருக்கிறது. குளங்களில் போடும் 'பார் 56' என்ற பழைய வகை ஹாலஜன் விளக்கு 300 வாட். 12 வோல்ட்டில் அது 25 ஆம்பியர் இழுக்கும். மோட்டார் ரூமிலிருந்து விளக்கு வரை 30 மீட்டர் என்றால், போக வர 60 மீட்டர் கம்பி. 6 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி போட்டாலும் வழியிலேயே நாலரை வோல்ட் போய்விடும். விளக்குக்கு ஏழரை வோல்ட்தான் மிஞ்சும், மஞ்சளாக மினுக்கும். முதலாளி திட்டுவார். அப்போது இரண்டு வழிதான் தெரியும். டிரான்ஸ்பார்மரைக் கரைக்குப் பக்கத்தில் செடித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது, அல்லது 230 வோல்ட் விளக்கையே வாங்கித் தண்ணீருக்குள் போட்டுவிடுவது. இரண்டையும் நான் கழற்றியிருக்கிறேன். இன்றைக்கு 18 வாட் எல்இடி விளக்கே குளத்துக்குப் போதும். ஒன்றரை ஆம்பியர்தான். 4 ஸ்கொயர் எம்எம் கம்பியில் அதே தூரத்துக்கு அரை வோல்ட்கூட இறங்காது. ஆகவே டிரான்ஸ்பார்மரைக் கரைக்குக் கொண்டுவர இனி ஒரு காரணமும் இல்லை. பழக்கம்தான் இருக்கிறது.

எல்இடி வந்ததும் வேறு ஒரு பிழை வந்திருக்கிறது. பெயர்ப் பலகைக்கும் சீலிங் ஸ்ட்ரிப்புக்கும் விற்கிற மலிவு 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பெட்டியை, அதாவது 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் எலக்ட்ரானிக் பெட்டியை, குள விளக்குக்கும் மாட்டுகிறார்கள். அதன் மேல் 'ரெயின் புரூஃப்' என்று எழுதியிருக்கும். மழை உள்ளே போகாது என்பது வேறு, 230 வோல்ட் பக்கம் என்றைக்குமே 12 வோல்ட் பக்கத்தைத் தொடாது என்பது வேறு. குளத்துக்கு வேண்டியது இரண்டாவது. அதற்கென்று செய்த பாதுகாப்பு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் தனியாக இருக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான், சரி. ஆனால் மலிவுப் பெட்டி உள்ளே பழுதாகி 230 வோல்ட் இந்தப் பக்கம் வந்துவிட்டால், 12 வோல்ட் என்று நம்பிப் போட்ட கேபிளும் விளக்கும் அதைத் தாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்க வேண்டும். அதோடு, பழகிய கை 12 வோல்ட் பக்கத்தின் ஒரு முனையையும் எடுத்து எர்த்தில் கட்டிவிடும். எர்த் போட்டால் நல்லதுதானே என்ற எண்ணம். இந்தச் சுற்றில் அது கூடாது. வெளியில் எங்காவது லீக் ஆகி எர்த் கம்பியில் ஏறும் வோல்ட்டேஜ் நேராகக் குளத்துக்குள் வர நாமே வழி போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும்.

அப்புறம் ஜாயின்ட். விளக்கு உட்காரும் குழிக்குள் கேபிளைக் கொஞ்சம் சுருட்டி விட்டு வைப்பது சரியான முறை. தண்ணீரை வெளியேற்றாமலே விளக்கைக் கரைக்கு எடுத்துப் பழுது பார்ப்பதற்காக அது. விளக்கோடு வந்த கேபிள் இடையில் வெட்டாமல், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்து, மேலே உள்ள பெட்டியில்தான் இணைய வேண்டும். நடப்பது என்ன? விளக்கு ஒருமுறை பழுதானதும் பழைய கேபிளை குழிக்குள்ளேயே வெட்டி, புது விளக்கின் கம்பியை முறுக்கி, கருப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித் திணித்துவிடுகிறார்கள். ஒரு ரிசார்ட்டில் அப்படி ஒரு ஜாயின்டை வெளியே எடுத்தேன். டேப் பிசினாக வழிந்து கையில் ஒட்டியது. உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. கேபிளை இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிப் பார்த்தால் உறைக்கு உள்ளே, கம்பி இழைகளுக்கு நடுவே, குளோரின் வாடையோடு தண்ணீர். திரியில் எண்ணெய் ஏறுவது போல இழை வழியாகத் தண்ணீர் ஏறி, மோட்டார் ரூம் பக்கம் உள்ள முனை வரை ஈரமாக்கியிருந்தது. பதிவேட்டில் அந்த விளக்குக்கு எதிரே 'சரி செய்யப்பட்டது' என்று தேதியோடு எழுதியிருந்தார்கள்.

இனி ஆர்சிசிபி. கரன்ட் எங்காவது கசிந்தால் 'விழுந்து', அதாவது ட்ரிப் ஆகி, மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுக் கருவி அது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளில், மின்கசிவுக் கருவி வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியருக்குள்ளும் மற்ற இணைப்புகளுக்கு 100 மில்லி ஆம்பியருக்குள்ளும் துண்டிக்க வேண்டும் என்று இருந்தது. 2023இல் புதிய விதிகள் வந்துவிட்டாலும், வேலை செய்பவர்கள் மனதில் பதிந்தது அந்த இரண்டு எண்கள்தான். குளம் யார் வீட்டு இணைப்பிலும் ஓடுவதில்லை. குடியிருப்பில் பொது மீட்டர், ரிசார்ட்டில் வணிக இணைப்பு. ஆகவே 100 மில்லி ஆம்பியர் போட்டுவிட்டு விதிப்படிதான் போட்டேன் என்று சொல்ல முடிகிறது. 100 மில்லி ஆம்பியர் என்பது கட்டடம் தீப்பிடிக்காமல் இருக்க உதவும், தண்ணீரில் இருக்கும் குழந்தைக்கு உதவாது. அமெரிக்காவில் இதே வேலைக்கு வைக்கும் கருவி 5 மில்லி ஆம்பியரிலேயே விழும். குளம், நீரூற்று, அதன் பம்ப், கரையோரத்து பிளக் பாயின்ட் எல்லாவற்றுக்கும் இணைப்பு எந்த வகையாக இருந்தாலும் 30 மில்லி ஆம்பியர்தான் உச்சம் என்று உங்கள் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும், கடைக்காரர்கூட 100ஐ எடுத்துக் கொடுக்கத் தயங்குவார்.

சரியான ஆர்சிசிபி போட்ட இடத்திலும் அது நிலைப்பதில்லை. ஐப்பசி மழையில் மோட்டார் ரூமில் தண்ணீர் நின்றால் அது விழும். பம்ப் ஓடாவிட்டால் குளம் இரண்டு நாளில் பச்சையாகிவிடும். பராமரிப்பு ஆளுக்குப் பயம். "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று சொல்லி, ஒயர்மேனைக் கூப்பிட்டு, ஆர்சிசிபி வழியாகப் போகாமல் பம்புக்கு நேராகக் கம்பி போட்டுவிடுவார்கள். கருவி பெட்டியில் அப்படியே இருக்கும். லிவர் மேலே நிமிர்ந்திருக்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தால் அதுவும் விழும், ஏனென்றால் கருவி நல்ல கருவி, பம்ப் மட்டும் அதன் வழியாகப் போகவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். இரண்டு சுற்றுகளின் நியூட்ரலை ஒன்றாகக் கட்டியதால் விழுவதும் நிறைய. அதைப் பிரித்துக் கட்ட அரை நாள் வேலை. யாரும் அந்த அரை நாளுக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

"எர்த் குழி புதுசா போட்டிருக்கோம் சார்" என்பது அடுத்த பதில். எர்த் மின்தடை 5 ஓம் வந்தால் நம் ஊரில் நல்ல எர்த் என்போம். 230 வோல்ட் முழுசாக அந்த எர்த் வழியாகப் பாய்ந்தாலும் 46 ஆம்பியர்தான் போகும். அதிகக் கரன்ட் போனால் மட்டும் விழும் சாதாரண பிரேக்கரான எம்சிபி, 32 ஆம்பியர் என்றால், அதற்கு உடனே விழாது, சூடேறி விழப் பல நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை பம்பின் உடலும், அதோடு சேர்ந்த உலோகக் குழாயும், ஏணியும் கரன்ட்டில்தான் நிற்கும். அதனால்தான் இணைப்புக் கம்பி முக்கியம். குளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி, ஏணியின் கால், கைப்பிடி, விளக்குக் குழியின் உலோகம், பம்ப், வடிகால் சல்லடை எல்லாவற்றையும் 4 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாத செம்பால் ஒன்றாகக் கட்டிவிட்டால், எதில் வோல்ட் ஏறினாலும் எல்லாவற்றிலும் சேர்ந்தே ஏறும். ஒரு கை ஏணியிலும் ஒரு கால் தண்ணீரிலும் இருப்பவருக்கு இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இருக்காது. இந்த வேலைக்கு ஆகும் செம்பின் விலை, குளத்தைச் சுற்றிப் போடும் கல்லின் விலையில் ஒரு ஓரம்.

ஆனால் இந்த ஒரு வேலையைக் கம்பி கட்டும் நாளில்தான் செய்ய முடியும். கான்கிரீட் கொட்டிவிட்டால், கட்டினார்களா இல்லையா என்று யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. ஏணியின் கால் செருகும் குழலைக் கான்கிரீட்டில் புதைப்பவர் சிவில் மேஸ்திரி, மின் வேலை ஆள் அன்றைக்கு அங்கே இருக்கவே மாட்டார். 15 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடத்துக்கு மின்சாரம் கொடுக்கும் முன் உங்கள் அதிகாரிகள் ஆய்வு செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அவர்கள் வரும் நாளில் குளத்தில் நீல டைல்ஸ் பளபளக்கும், தண்ணீர்கூட நிரம்பியிருக்கும். அந்தக் கட்டத்தில் யாராலும் என்ன பார்க்க முடியும்? தரைத்தளமும் மாடியும் மட்டும் உள்ள ரிசார்ட், வாடகைக்கு விடும் பண்ணை வீடு, மண்டப வாசல் நீரூற்று எல்லாம் அந்த உயரக் கணக்குக்குள்ளேயே வராது. சனி ஞாயிறு ஆனால் இப்படிப்பட்ட பண்ணை வீட்டுக் குளங்களில்தான் கூட்டம். ராத்திரி பார்ட்டிக்கு ஸ்பீக்கரும், கரையோரம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், ஏணிக் கைப்பிடியில் சுற்றிய சீரியல் பல்பும் இருக்கும்.

லிஃப்டுக்கு இந்த மாநிலம் 1997இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. உங்கள் துறைதான் அதைப் பார்க்கிறது. ஒவ்வொரு குடியிருப்பிலும் லிஃப்டுக்கு உரிமம் இருக்கிறதா, புதுப்பித்தார்களா என்று செயலாளர் கவலைப்படுகிறார். அதே செயலாளரிடம் குளத்தின் மின் வேலையை யார் செய்தது, எப்போது சோதித்தது என்று கேட்டால் பில்டரின் பெயரைச் சொல்வார். பில்டர் குள ஒப்பந்ததாரரைச் சொல்வார். அவரோ பம்பும் விளக்கும் மட்டும்தான் கொடுத்தேன் என்பார். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வையில்தான் மின் வேலை நடக்க வேண்டும் என்று விதி இருக்கும்போது, குளத்துக்கு மட்டும் அந்தப் பெயர் எங்கேயும் எழுதப்படாமல் போவது எப்படி? குளத்தின் வாசலில் 'ஆழம் 4 அடி', 'டைவிங் கூடாது' என்று பலகை இருக்கிறது. அதற்குக் கீழே, மின் வேலை செய்த ஒப்பந்ததாரரின் உரிம எண், மேற்பார்வையாளர் பெயர், கடைசியாகச் சோதித்த தேதி ஆகியவையும் இருக்கட்டும். தன் பெயர் அங்கே தொங்கும் என்று தெரிந்தால் எந்த மேற்பார்வையாளரும் கம்பி கட்டும் நாளில் தளத்துக்கு வராமல் இருக்க மாட்டார். நானும் வருவேன்.

அந்தக் கான்கிரீட்டுக்கு முந்தைய சோதனைக்கு அதிகாரியே நேரில் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் ஆள் அனுப்ப முடியாது என்பது தெரியும். சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்தடை அளந்து, படிவத்தில் எழுதி உங்களுக்கு அனுப்பட்டும். சிலவற்றை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்து நேரில் பாருங்கள். எதைப் பார்க்க வருவீர்கள் என்று தெரியாமல் இருந்தாலே வேலை ஒழுங்காகும்.

வாரியத்துக்குத் தனியாக ஒன்று. மின் கம்பியாள் உதவியாளர் தேர்வுக்கு வருகிற பிள்ளைகள் பலர் பல வருஷம் கையால் வேலை கற்றவர்கள். கெட்டிக்காரர்கள். சொன்னால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். மண்டலம் 0, 1, 2 என்றால் என்ன, 12 வோல்ட் சுற்றை ஏன் எர்த் செய்யக்கூடாது, விளக்குக் குழிக்குள் ஏன் ஜாயின்ட் போடக்கூடாது என்பதைத் தேர்விலும் செய்முறையிலும் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். தமிழில், படத்தோடு, சட்டைப் பையில் வைக்கிற அளவில் ஒரு கையேடு போடுங்கள். ஆங்கிலத் தரப் புத்தகத்தை வாங்கிப் படிக்க அவர்களுக்கு வசதியும் இல்லை, நேரமும் இல்லை.

கடைசியாக, விபத்து நடந்த இடம். மின்சாரச் சட்டம் 2003இன் 161ஆம் பிரிவு மின் விபத்தை உங்களுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. குளத்தில் ஒருவர் இறந்தால் அது மின் விபத்தா இல்லையா என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. மூழ்கியது என்று எழுதிவிட்டால் உங்களுக்குத் தகவலே வராது. நீச்சல் குளத்தில் நடக்கும் எந்த மரணமானாலும் அந்தக் குளத்தின் மின் பெட்டியைப் போலீஸ் அன்றே சீல் வைத்து, மின் ஆய்வாளர் பார்த்த பிறகே திறக்க வேண்டும் என்று காவல் துறையோடு பேசி ஓர் ஏற்பாடு செய்யுங்கள். பெட்டிக்குள் ஆர்சிசிபியைத் தவிர்த்துப் போட்ட கம்பியை எடுத்துவிடப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் கிடைக்கக் கூடாது.

பள்ளிக்கூடம் விட்டு ஏப்ரல், மே வந்துவிட்டால் பகல் முழுக்கப் பிள்ளைகள் தண்ணீரில்தான் இருப்பார்கள். படிவமும் சட்டமும் வர நாளாகும் என்றால், இந்த வருஷக் கோடைக்கு முன்னால் எல்லாக் குடியிருப்புச் சங்கங்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் ஒரே பக்கத்தில் ஓர் அறிவிப்பாவது அனுப்புங்கள். குளத்தின் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர்தானா, பம்ப் அதன் வழியாகத்தான் ஓடுகிறதா, தண்ணீருக்குள் 230 வோல்ட் விளக்கு ஏதாவது இருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கு உரிமம் உள்ள ஒருவரிடம் எழுத்தில் பதில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், பதில் கிடைக்கும் வரை குளத்தில் ஆளை இறக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மின் பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
சென்னை.